இரட்டையர் பேட்மிண்டனைத் தொழிலாகக் கொள்ள: தொடக்கம் முதல் ஓய்வு வரை ஒரு முழு வழிகாட்டி

ஒற்றையர் ஆட்டத்தில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடமே இரட்டையர் என்ற எண்ணம் பயிற்சிக் கூடங்களில் இன்னும் உலவுகிறது. "இனி நீ இரட்டையர் ஆடு" என்று பயிற்சியாளர் சொல்லும் நாளைப் பல பிள்ளைகளும் பெற்றோரும் ஒரு தோல்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுகளமும் மட்டையும் ஷட்டிலும் பொதுவானவை என்பதைத் தவிர, தொழில்முறையில் இவை இரண்டும் தனித்தனி வாழ்க்கைகள். இரட்டையரில் கணக்கு வைக்கப்படுவது தனி ஆளின் பெயரில் அன்று, இருவர் சேர்ந்த இணையின் பெயரில். தரவரிசைப் புள்ளிகள், பரிசுப் பணம், ஒருவருக்குக் காயம் பட்டால் நேரும் இழப்பு ஆகிய அனைத்தும் இருவரையும் ஒன்றாகவே சேர்கின்றன. கீழே உள்ள படிகளைப் படிக்கும்போது இதை மனத்தில் இருத்திக்கொண்டால், சில அறிவுரைகள் ஏன் வழக்கத்துக்கு மாறாக இருக்கின்றன என்பது விளங்கும்.

படி 1: விதிகளை இரட்டையர் கண்ணால் படியுங்கள்

ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். ஒற்றையரில் 5.18 மீட்டராக இருக்கும் அகலம் இரட்டையரில் 6.10 மீட்டராகிறது. இது அனைவருக்கும் தெரிந்ததே. ஆட்டத்தின் போக்கை உண்மையில் மாற்றுவது பின்புறத்தில் இருக்கும் இன்னொரு கோடு. இரட்டையரில் சர்வீஸ் செய்பவர், கடைசிக் கோட்டுக்கு 0.76 மீட்டர் முன்னே உள்ள நீள்சர்வீஸ் கோட்டைத் தாண்டி ஷட்டிலை அனுப்பக் கூடாது. அதாவது சர்வீஸ் விழவேண்டிய கட்டம் ஒற்றையரைவிட அகலமானது, ஆனால் நீளம் குறைந்தது. பின்னால் ஓடவேண்டிய தூரம் குறைவதால், எதிர்கொள்பவர் வலைக்கு 1.98 மீட்டரில் உள்ள முன்கோட்டை ஒட்டி, மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாய்வதற்குத் தயாராக நிற்க முடிகிறது. அவருக்கு முன்னால் சர்வீஸ் சற்று உயர்ந்து வந்தாலும் அந்தப் புள்ளி அங்கேயே முடிந்துவிடும். இரட்டையர் வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் புறங்கை வீச்சில், வலையின் விளிம்பை உரசுவது போன்ற குட்டை சர்வீஸ் செய்வதற்குக் காரணம் மரபோ நாகரிகமோ அன்று, இந்த 0.76 மீட்டர்தான்.

அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கவேண்டும் என்ற விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு இடுப்பை அளவாக வைத்திருந்ததால் உயரமானவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. இன்று அந்தச் சலுகை இல்லை. விரல்களால் ஷட்டிலைச் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸ் 2023இல் சில போட்டிகளில் தலைகாட்டி, எதிர்கொள்பவர்களைத் திணறடித்து, அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது. சர்வீஸ் விதியில் சிறு திருத்தம் வந்தாலும் அதனால் மிகவும் பாதிக்கப்படுபவர் இரட்டையர் வீரரே என்பதால், உலக பேட்மிண்டன் சம்மேளனத்தின் விதித் திருத்தங்களை அவ்வப்போது படிப்பது இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

இன்னும் ஒன்று. மேசைப்பந்து இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்கவேண்டும். பேட்மிண்டனில் சர்வீஸையும் அதற்கான பதிலடியையும் தவிர மற்ற எந்த அடியையும் இருவரில் யாரும் எடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஷட்டிலுக்கும் "இது யாருடையது" என்ற கேள்வி எழுகிறது. அதை நொடிக்கும் குறைவான நேரத்தில், பேசாமல் தீர்க்கவேண்டும்.

படி 2: ஒற்றையரிலிருந்து எந்த வயதில் பிரிவது என்று முடிவு செய்யுங்கள்

பதினான்கு, பதினைந்து வயது வரை ஒற்றையரும் இரட்டையரும் சேர்த்தே ஆடுவது நல்லது. ஆடுகளம் முழுவதையும் தனியாகக் காக்கப் பழகிய கால்கள் பிற்காலத்தில் இணையாளரின் தவறுகளையும் சேர்த்துக் காக்கும். அதன் பிறகும் இரண்டையும் சமமாக இழுத்துக்கொண்டு போனால் இரண்டிலும் இரண்டாம் நிலையே கிடைக்கும் என்பது என் கணிப்பு. உலக இளையோர் போட்டிகள் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானவை. அந்த மேடையில் இரட்டையர் வீரராக நிற்க விரும்பினால் பதினாறு, பதினேழு வயதுக்குள் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இரட்டையருக்குத் திருப்பிவிடவேண்டும்.

யார் இதற்குப் பொருத்தமானவர்? உயரத்தை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர்கள் இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயா, மார்கஸ் கிடியோன் இணையை நினைத்துக்கொள்ளலாம். இருவருமே சராசரி உயரம் கொண்டவர்கள். ஆயினும் 2017 முதல் 2022 வரையான காலத்தின் பெரும்பகுதியில் உலகின் முதல் இடம் அவர்களிடமே இருந்தது. கைவேகம், முன்கூட்டியே கணிக்கும் திறன், வலையருகே பயமின்மை ஆகியவற்றைத்தான் தேடவேண்டும். இவற்றோடு, பிறர் செய்த தவறுக்காக முகம் சுளிக்காத சுபாவமும் வேண்டும். இந்தக் கடைசிக் குணத்தை எந்தத் தேர்வு முகாமிலும் அளப்பதில்லை.

படி 3: முதல் நான்கு அடிகளைக் கட்டமையுங்கள்

சர்வீஸ், அதற்கான பதில், மூன்றாம் அடி, நான்காம் அடி ஆகிய நான்கில்தான் தாக்குவது யார், காப்பது யார் என்பது தீர்மானமாகிறது. ஷட்டிலைக் கீழ்நோக்கி அடிக்கும் இணை தாக்குகிறது. மேல்நோக்கித் தூக்கும் இணை காக்கிறது. தூக்கவேண்டிய கட்டாயத்துக்கு எதிராளியைத் தள்ளுவதே இந்த நான்கு அடிகளின் நோக்கம்.

சர்வீஸைத் தனிப் பயிற்சியாக, ஒவ்வொரு நாளும், களைப்பில்லாத நேரத்தில் ஒரு தொகுதியும் களைத்த பின் ஒரு தொகுதியுமாகச் செய்யுங்கள். வலைக்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதற்கும் வலைக்கும் இடையில் ஷட்டிலைச் செலுத்துவது பழைய முறைதான் என்றாலும் அதைவிட நேர்மையான ஆசிரியர் வேறில்லை. இலக்கு மூன்று: நடுக்கோடும் முன்கோடும் சந்திக்கும் மூலை, எதிர்கொள்பவரின் உடலுக்கு நேர், பக்கக்கோட்டை ஒட்டிய அகல மூலை. அகல மூலைக்கு அனுப்பினால் எதிராளிக்குத் திருப்பி அடிக்கும் கோணமும் அகலமாகக் கிடைக்கும் என்பதால் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தவேண்டும். இவற்றுக்கு நடுவே, குட்டை சர்வீஸின் அதே அசைவில் தொடங்கி எதிராளியின் தலைக்கு மேல் அனுப்பும் ஃப்ளிக் சர்வீஸ் வரவேண்டும். அதன் நோக்கம் புள்ளி எடுப்பதைக் காட்டிலும், அடுத்த குட்டை சர்வீஸின்போது எதிராளியை அரை அடி பின்னால் நிற்க வைப்பதே.

சர்வீஸை எதிர்கொள்வதில் தொடக்க நிலையினர் செய்யும் பிழை, ஒவ்வொன்றையும் அடித்து முடிக்கப் பார்ப்பது. நல்ல சர்வீஸை அப்படி முடிக்க முடியாது. சர்வீஸ் செய்தவருக்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் இணையாளருக்கும் இடையே, பக்கக்கோட்டை ஒட்டி, மெதுவாக ஷட்டிலைத் தள்ளினால் இருவரில் யார் எடுப்பது என்ற குழப்பம் பிறக்கும். அந்தக் குழப்பம், மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் ஒரு ஸ்மாஷைவிட மதிப்புள்ளது.

மூன்றாம் அடியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சர்வீஸ் செய்தவர், அடித்த உடனே மட்டையை உயர்த்தி முன்பகுதியை மூடவேண்டும். பின்னால் நிற்பவர் வேகமாக வரும் தள்ளலைத் தட்டையான டிரைவாகத் திருப்பவேண்டும். பலரும் சர்வீஸ் செய்துவிட்டுத் தம் சர்வீஸ் எங்கே விழுகிறது என்று வேடிக்கை பார்க்கிறார்கள்!

ஸ்மாஷ் வேகத்தின் கவர்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் ஜப்பானில் பதிவு செய்த மணிக்கு 565 கிலோமீட்டர் ஸ்மாஷ் கின்னஸ் சாதனையானது. அது போட்டியில் அன்று, அளவிடுவதற்கென்றே அமைத்த சூழலில் அடிக்கப்பட்டது. இறகின் காற்றுத்தடையால் ஷட்டிலின் வேகம் எதிராளியை அடைவதற்குள் பெருமளவு குறைந்துவிடும். சாத்விக்சாய்ராஜும் அவருடைய இணையாளர் சிராக் ஷெட்டியும் அதே ஆண்டு அக்டோபரில் உலகின் முதல் இடத்துக்கு வந்ததற்கு அந்த ஸ்மாஷ் மட்டும் காரணமன்று. ஸ்மாஷுக்குப் பிறகு வலைக்கு வரும் பலவீனமான பதிலை முன்னால் நிற்பவர் தவறாமல் முடித்துவைப்பதும் காரணம்.

படி 4: இருவராக நகரக் கற்றுக்கொள்ளுங்கள்

தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும், காக்கும்போது இருவரும் பக்கவாட்டில் என்ற பாடம் முதல் மாதத்திலேயே கற்பிக்கப்படும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நொடியைக் கற்க ஆண்டுகள் ஆகும். பக்கவாட்டில் நிற்கும்போது எதிராளியின் ஸ்மாஷை ஒருவர் வலையருகே மென்மையாக இறக்கிவிட்டால், அவரே அதைத் தொடர்ந்து முன்னேறவேண்டும். மற்றவர் அவர் பின்னே நடுவுக்கு நகரவேண்டும். இறக்கியவர் தன் இடத்திலேயே நின்றுவிட்டால் உழைத்துப் பெற்ற வாய்ப்பு வீணாகும். நடுவில் வரும் ஷட்டிலைப் பொதுவாக முன்கை வீச்சு எவருக்கு அமைகிறதோ அவர் எடுப்பது வழக்கம். ஆனால் இடக்கையரும் வலக்கையரும் சேர்ந்த இணையில், அவர்கள் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து நடுவில் இரண்டு முன்கைகளோ இரண்டு புறங்கைகளோ சந்திக்கும். அவர்கள் தங்களுக்கென்று தனி ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும்.

இதற்கான பயிற்சியில் இருவருக்கு எதிராக மூவரை நிறுத்துவது மிகப் பயன்தரும். மூவர் இடைவிடாமல் தாக்க, இருவர் காத்து, காப்பிலிருந்து தாக்குதலுக்கு மாறும் தருணத்தைத் தேடவேண்டும். கலப்பு இரட்டையர் ஆடுவோருக்கு இந்த நகர்வு சற்று மாறுபடும். பெண் வலையருகிலும் ஆண் பின்பகுதியிலும் நிற்பது அடிப்படை அமைப்பு. எதிரணி ஷட்டிலைத் திரும்பத் திரும்பப் பின்மூலைக்குத் தூக்கிப் பெண்ணைப் பின்னுக்கு இழுக்க முயலும். பின்னிருந்தும் தாக்கத் தெரிந்த பெண் வீராங்கனை இருக்கும் இணைக்கு அந்த உத்தி பலிப்பதில்லை.

படி 5: இணையாளரைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பலர் தம்மைப் போலவே ஆடும் ஒருவரைத் தேடுகிறார்கள். அல்லது நெருங்கிய நண்பரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பின்னிருந்து தாக்குபவர் ஒருவர், முன்னிருந்து ஆட்டத்தை வடிவமைப்பவர் ஒருவர் என்ற பிரிவு இயல்பாக அமையும் இணைகளே நீடிக்கின்றன. சீனாவின் ஃபு ஹைஃபெங் வலிமை மிக்க இடக்கைத் தாக்குதலாளர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய் யுன் உடனும் 2016 ரியோவில் ஜாங் நான் உடனும் அவர் தங்கம் வென்றார். இணையாளர் மாறினார், வேலைப் பிரிவு மாறவில்லை.

நட்பு கட்டாயம் இல்லை, நம்பிக்கை கட்டாயம். ஆண்டில் பல மாதங்கள் ஒரே அறை, ஒரே விமானம், ஒரே உணவு மேசை என்று கழியும். தோற்ற இரவில் யார் முதலில் பேசுவது, எப்போது ஆட்டத்தை அலசுவது, ஆடுகளத்தில் ஒருவரை ஒருவர் எப்படித் திருத்துவது என்பவற்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டத்தின் நடுவே 11 புள்ளியில் கிடைக்கும் 60 நொடி இடைவேளையில் பயிற்சியாளர் இருவரிடமும் பேசும்போது ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டால், அந்த இணையின் எஞ்சிய காலத்தை எண்ணிவிடலாம்.

வயது வேறுபாட்டைப் பலவீனமாகக் கருதத் தேவையில்லை. இந்தோனேசியாவின் கிரேசியா பொலீ தம் 33ஆம் வயதில், தம்மைவிடப் பத்து ஆண்டுக்கும் மேல் இளைய அப்ரியானி ரஹாயுவுடன் டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே நாட்டின் ஹென்ட்ரா செத்தியாவான் 2008 பெய்ஜிங்கில் மார்க்கிஸ் கிடோவுடன் ஒலிம்பிக் தங்கம் பெற்று, பின் முகமது அஹ்சனுடன் சேர்ந்து 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். மூன்றாம் பட்டத்தின்போது அவருக்கு வயது 35. ஒற்றையரில் அந்த வயதில் உலகப் பட்டம் என்பது நினைத்துப் பார்க்கவே கடினமானது. ஓடும் தூரம் பாதியாகப் பகிரப்படுவதும், அனுபவத்தால் வரும் கணிப்புக்கு அதிக மதிப்பு இருப்பதும் இரட்டையர் தொழிலின் ஆயுளை நீட்டுகின்றன.

ஒரு புதிய இணைக்கு எவ்வளவு காலம் கொடுப்பது? குறைந்தது ஓராண்டு என்பேன். அதற்குக் காரணம் உணர்ச்சி அன்று, தரவரிசைக் கணக்கு. அதை அடுத்த படிக்குப் பின் காண்போம்.

படி 6: உடலை இந்த ஆட்டத்துக்கு ஏற்பத் தயார் செய்யுங்கள்

ஒற்றையருக்கு நீண்ட தாங்குதிறன் வேண்டும். இரட்டையருக்குச் சில நொடிகள் வெடித்தெழுந்து, மூச்சு வாங்கி, மீண்டும் வெடித்தெழும் திறன் வேண்டும். தாழ்ந்த நிலையில் நின்று காப்பதால் தொடையும் கீழ்முதுகும், மேலிருந்து தொடர்ந்து அடிப்பதால் தோள்பட்டைச் சுழல்தசைகளும், பாய்ந்து இறங்குவதால் முழங்காலும் குதிகால் தசைநாரும் அதிகச் சுமை ஏற்கின்றன. தோளுக்கான சிறு தசைப் பயிற்சிகளை வலி வந்த பிறகு தொடங்குவது பயனற்றது.

இரட்டையருக்கே உரிய ஆபத்து கண் காயம். வலையருகே நிற்பவர் தம் இணையாளர் அடிப்பதைப் பார்க்கப் பின்னே திரும்பும்போது ஷட்டில் நேராக முகத்தில் படக்கூடும். இருவரும் ஒரே ஷட்டிலுக்குப் பாய்ந்தால் மட்டைகள் மோதும். முன்னால் நிற்பவர் ஒருபோதும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே பழக்கமாக்குங்கள். மட்டையைப் பொறுத்தவரை, தலைப்பகுதி மிகக் கனமாக இல்லாத, விரைவாகத் திருப்பக்கூடிய ஒன்றே பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

படி 7: தரவரிசை ஏணியில் ஏறுங்கள்

சர்வதேசப் போட்டிகளில் நீங்களாகப் பெயர் கொடுக்க முடியாது. உங்கள் நாட்டுச் சங்கத்தின் வழியாகவே பதிவு செல்லவேண்டும். ஆகவே தேசியப் போட்டிகளில் தெரியும்படி ஆடுவது முதல் கதவு. அதன் பின் ஃப்யூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்ற மூன்று நிலைகள் உள்ளன. வென்ற இணைக்கு இவற்றில் முறையே 1,700, 2,500, 4,000 புள்ளிகள் கிடைக்கும். அவற்றுக்கு மேலே 2018இல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணப் போட்டிகள் சூப்பர் 100, 300, 500, 750, 1000 என்று அடுக்கப்பட்டுள்ளன. சூப்பர் 1000 பட்டத்துக்கு 12,000 புள்ளிகள்.

இந்த எண்களில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சூப்பர் 1000 போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்கும் இணைக்கு 3,000 புள்ளிகள். இன்டர்நேஷனல் சேலஞ்சில் அரையிறுதி வரை போராடி வந்து தோற்கும் இணைக்கு 2,800தான். கீழ்த்தட்டில் எவ்வளவு வென்றாலும் ஏணி மெதுவாகவே நகரும்; மேல்தட்டின் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் தோல்விகூடப் புள்ளி தரும். எனவே கதவைத் திறக்கும் அந்த ஓரிரு ஆண்டுகளில் எந்தப் போட்டிகளுக்குப் போவது என்பதைப் பயிற்சியாளருடன் அமர்ந்து, பயணச் செலவையும் எதிர்பார்க்கும் புள்ளியையும் பக்கம் பக்கமாக எழுதித் திட்டமிடவேண்டும்.

கடந்த 52 வாரங்களில் ஆடியவற்றில் மிகச் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகளே கூட்டப்படும். அவை இணைக்கு உரியவை. நீங்கள் வேறொருவருடன் சேர்ந்தால் அந்த இணையின் தரவரிசை புதிதாகத் தொடங்குகிறது. பத்துப் போட்டிகள் நிரம்பவே பெரும்பாலும் ஓராண்டு ஆகும் என்பதால்தான் ஓராண்டுக்குள் இணையை உடைப்பது பெரும்பாலும் விதைத்ததை முளைக்கும் முன் கிளறுவதாகிறது. ஒலிம்பிக் தகுதிக் காலத்தில் உடைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

படி 8: பணத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

சூப்பர் 1000 போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு 12,50,000 டாலர் எனக் கொள்வோம். ஒற்றையர் வெற்றியாளருக்கு அதில் 7 விழுக்காடு, அதாவது 87,500 டாலர். இரட்டையர் வெற்றி இணைக்கு 7.4 விழுக்காடு, அதாவது 92,500 டாலர், ஆளுக்கு 46,250. பயணம், பயிற்சி, மருத்துவம் ஆகிய செலவுகள் மட்டும் ஒற்றையருக்கு இணையானவை. இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தொழிலுக்கு வருபவர் இதைத் தெரிந்தே வரவேண்டும். கீழ்நிலைப் போட்டிகளில் பரிசுத் தொகை விமானச் செலவைக்கூட ஈடுகட்டாது. அந்த ஆண்டுகளில் தேசிய அணியின் ஆதரவு, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, மட்டை நிறுவன ஒப்பந்தம், ஐரோப்பாவின் கிளப் லீக்குகளில் ஆடுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கைகொடுக்கவேண்டும்.

இரட்டையருக்குள்ள ஒரு வசதி, ஆண்கள் அல்லது பெண்கள் இரட்டையரோடு கலப்பு இரட்டையரும் ஆடலாம் என்பது. சீனாவின் ஜாவோ யுன்லெய் 2012 லண்டனில் இரண்டிலும் தங்கம் வென்றார். வருமானம் கூடும்; ஆனால் ஒரே நாளில் இரு ஆட்டங்கள் ஆடும் உடல் விரைவில் தேயும். அணிப் போட்டிகளும் இரட்டையர் வீரரின் மதிப்பை உயர்த்துகின்றன: ஆண்கள் அணிகளுக்கான தாமஸ், பெண்கள் அணிகளுக்கான ஊபர் கோப்பைகளில் ஐந்தில் இரண்டு ஆட்டங்கள் இரட்டையர், கலப்பு அணிகளுக்கான சுதிர்மான் கோப்பையில் ஐந்தில் மூன்று. தனித் தரவரிசையில் பின்தங்கிய வீரரையும் ஒரு நாட்டுச் சங்கம் தக்கவைத்துக்கொள்ள இதுவே வலுவான காரணம்.

படி 9: நடத்தை விதிகளைக் கடைப்பிடியுங்கள்

மருந்துகளை மருத்துவரிடம் கேட்காமல் உண்ணாதீர்கள், எந்த பேட்மிண்டன் போட்டியிலும் பந்தயம் கட்டாதீர்கள், ஆட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், காலிறுதியில் சாதகமான எதிராளி அமையவேண்டும் என்று குழுச் சுற்றில் வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு பெண்கள் இரட்டையர் இணைகள் வெளியேற்றப்பட்டன. அந்த எட்டுப் பேரில் கிரேசியா பொலீயும் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் கழித்தே அவர் தங்கத்தைத் தொட்டார்.

படி 10: பிரிவையும் ஓய்வையும் திட்டமிடுங்கள்

பெரும்பாலான இணைகள் சண்டையால் பிரிவதில்லை. ஒருவரின் நீண்ட காயம், தேசியப் பயிற்சியாளரின் மறுசீரமைப்பு, ஒருவரின் ஓய்வு ஆகியவையே வழக்கமான காரணங்கள். இந்தோனேசியாவின் லிலியானா நட்சிர் கலப்பு இரட்டையரில் 2005, 2007 உலகப் பட்டங்களை நோவா விடியாண்டோவுடன் வென்றார். பின்னர் டொண்டோவி அஹ்மதுடன் 2013, 2017 உலகப் பட்டங்களையும் 2016 ஒலிம்பிக் தங்கத்தையும் பெற்றார். மூத்தவராக ஓர் இளையவரைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை ஏணி ஏறுவது, இந்தத் தொழில் தரும் அரிய வாய்ப்பு.

உங்கள் இணையாளர் காயத்தில் இருக்கும் மாதங்களில் வேறொருவருடன் ஆடுவதா என்பதை அவர் மருத்துவமனையில் இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலக முடிவு செய்துவிட்டால் பயிற்சியாளருக்கும் ஊடகத்துக்கும் முன்னதாக இணையாளரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒலிம்பிக் அல்லது உலகப் போட்டி முடிந்த உடனேயே சொல்லுங்கள். அடுத்த தகுதிக் காலம் தொடங்கும் முன் அவர் புதிய இணையாளருடன் பத்துப் போட்டிகளை நிரப்பவேண்டியிருக்கும்.